கோடையில் செத்த கரடு, மழையில் எழுவது எப்படி?

ஏற்காடு அடிவாரத்துக் கரடுகளில், அதாவது சிறு பாறைக்குன்றுகளில், சுற்றிவிட்டு வந்தவர்கள் கேட்டவை.

கேள்வி: ஐயா, சித்திரையில் கரடே மொட்டை. ஐப்பசியில் போனால் முழங்கால் உயரத்துக்குச் செடி. இவ்வளவும் எங்கே ஒளிந்திருந்தது?

பதில்: 1900-களின் தொடக்கத்தில் டென்மார்க் தாவரவியலாளர் ரவுங்கியர் செடிகளைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: கெட்ட காலத்தில் அடுத்த துளிரை எங்கே வைத்திருக்கிறாய்? உசிலையும் வெப்பாலையும் கிளையிலேயே வைத்திருக்கும். இலையை மட்டும் உதிர்த்துவிட்டுக் காத்திருக்கும். பல புற்கள் தூரில், மண்மட்டத்தில். செங்காந்தளும் கோரையும் மண்ணுக்குள், கிழங்கில். தும்பை, கீழாநெல்லிக்குத் துளிரே மிஞ்சாது. செடி செத்துவிடும், விதை மட்டும் மண்ணில் கிடக்கும். வறண்ட பூமியில் இந்தக் கடைசிக் கூட்டத்தின் பங்கு பெரிது. நீங்கள் பார்த்த முழங்கால் பச்சையில் கணிசமானது கோடை முழுக்க உங்கள் செருப்புக்குக் கீழே விதையாகக் கிடந்ததுதான்.

கேள்வி: அண்ணா, பட்டி எரு போட்ட காட்டில் சீமைக்கருவேலமாக முளைக்கிறதே?

பதில்: ஆட்டைத் திட்டாதீர்கள், அதற்குக் காயின் இனிப்புதான் வேண்டும். விதை கெட்டியான உறைக்குள் இருக்கிறது. பல்லுக்குத் தப்பியவை குடலைக் கடந்து புழுக்கையோடு வந்து விழும். உறை கொஞ்சம் இளகியிருக்கும், கூடவே உரமும் இருக்கும். மாடு சரியாக மெல்லாது என்பதால் சாணியில் தப்புவது இன்னும் அதிகம். இலந்தை போன்ற பெரிய கொட்டையை ஆடு அசைபோடும்போதே துப்பிவிடும். பட்டியைக் கூட்டும்போது கவனியுங்கள். பச்சை எருவைப் போடாமல், குவித்துச் சூடேற்றி மக்கவைத்துப் போடுங்கள். அதையும் மீறி முளைத்ததை மண் ஈரமாக இருக்கும்போதே வேரோடு பிடுங்கிவிடுங்கள். அரிவாளால் வெட்டினால் மறுபடி தழையும்.

கேள்வி: பட்டாசுக்காய் எச்சில் பட்டதும் வெடிப்பது ஏன் என்று பையன் கேட்கிறான்.

பதில்: நானும் பள்ளிக்கூடத்தில் அடுத்தவன் சட்டைக்குள் போட்டு அடிவாங்கியவன்தான். காய்ந்த காயின் இரண்டு பாதியும் வளைத்துக் கட்டிய வில் மாதிரி. நுனியில் ஒட்டியிருக்கும் இடம் ஈரத்தில் விட்டுக்கொடுத்ததும் படீர், விதை சில அடி தாண்டிப் போய் விழும். எச்சில் நம் விளையாட்டு. அது காத்திருப்பது மழைக்கு. மழையில் வெடித்தால் விழும் மண் நனைந்திருக்கும். நனைந்த விதையும் வழவழவென்றாகி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். இத்தனைக்கும் இது அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்த செடி.

கேள்வி: எருக்கம்பஞ்சோடு விதையைக் கொண்டுபோவது எது?

பதில்: காற்று. அவ்வளவுதான்.

கேள்வி: நெருஞ்சி முள்ளால் சைக்கிள் டியூப் போச்சு. இதுவும் விதை பரப்பலா?

பதில்: ஆமாம், இலவச சவாரி. காய் ஐந்து துண்டாக உடையும், துண்டுக்குள் பல விதை. எல்லாம் ஒரே மழைக்கு முளைக்காது. முதல் மழை ஏமாற்றினால் அடுத்ததுக்கு ஆள் வேண்டுமே.