முதல் ஹாட் ராட்: எந்தக் காரில் கை வைப்பது?

வாசகர் கேள்வி: கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறேன். வயது 41. ஊரில் இருந்தபோது அப்பாவின் ஸ்கூட்டரைக் கழற்றி மாட்டியதோடு சரி, காரில் பெரிய வேலை எதுவும் செய்ததில்லை. வெல்டிங் தெரியாது. பழைய பாணியில் ஒரு ஹாட் ராட், அதாவது வேகத்துக்காக மாற்றிக் கட்டிய பழைய கார், அதுவும் துணிக் கூரை ரோட்ஸ்டர் கட்ட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. இரண்டு இடத்தில் பேச்சு ஓடுகிறது. ஒன்று, 1932 ஃபோர்டு மாதிரியில் செய்த ஃபைபர்கிளாஸ் பாடி, புது சேஸிஸ், ஒரு பிளாட்ஹெட் வி8 எஞ்சின் (வால்வுகள் ஹெட்டில் இல்லாமல் பிளாக்கிலேயே இருக்கும் பழைய வகை), ஐந்தாறு பெட்டி நிறையப் பாகங்கள். எல்லாம் தனித்தனியாகக் கிடக்கின்றன. இன்னொன்று, 1930 ஃபோர்டு மாடல் ஏ ரோட்ஸ்டர். அசல் இரும்பு பாடி, ஓடுகிறது, பார்க்கச் சுமார்தான். விலை ஏறக்குறைய ஒன்றே. எதை வாங்கலாம் சார்? எங்கே ஆரம்பிப்பது?

மாடல் ஏ-வை வாங்குங்கள். அந்த 32 போல ஒன்றைப் பத்து வருடம் கழித்துப் போனாலும் இதே மாதிரி பெட்டிகளில் போட்டு யாராவது விற்றுக்கொண்டுதான் இருப்பார்கள்.

32 அழகில்லை என்று சொல்லவில்லை. அதன் சேஸிஸ் சட்டத்தின் பக்கவாட்டில் நீளமாக ஒரு வளைகோடு அழுத்தி விட்டிருப்பார்கள். மட்கார்டைக் கழற்றினாலும் கார் உரித்த கோழி மாதிரி தெரியாது. அந்த வருடத்தில்தான் ஃபோர்டு தன் முதல் வி8 எஞ்சினையும் கொண்டுவந்தது, 65 குதிரைசக்தி. 'ட்யூஸ்' என்று செல்லப்பெயர் வைத்து இன்றுவரை கொண்டாடுகிறார்கள், அதில் நானும் உண்டு. ஆனால் கழற்றிப் போட்ட காரில் எந்த போல்ட் எங்கே இருந்தது என்பது கழற்றியவர் நினைவில் இருக்கும். அதை அவர் விற்பதில்லை. உங்களுக்கு வந்திருப்பதோ ஒருநாளும் ஒன்றாக ஓடியிராத கார். பாடி ஒருவர் செய்தது, சேஸிஸ் இன்னொருவர் செய்தது, எஞ்சின் வேறு ஏதோ வண்டியுடையது. ஒன்றோடு ஒன்று பொருந்த நடுவில் ஒரு பிராக்கெட், ஒரு புஷ், ஒரு வெல்டிங் என்று போய்க்கொண்டே இருக்கும். பழகிய கைக்கு அது பொழுதுபோக்கு. முதல் தடவை செய்பவருக்கு எட்டாவது மாதம் கராஜ் கதவைத் திறக்கவே மனசு வராது.

பழைய பாணி என்று நீங்கள் சொல்கிறீர்களே, அது எப்படிப் பிறந்தது தெரியுமா? உங்கள் மாநிலத்திலேயே, லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துப் பையன்கள் கையில். 1928 முதல் 1931 வரை ஃபோர்டு 48 லட்சத்துக்கும் மேல் மாடல் ஏ விற்றிருந்தது. முப்பதுகளின் கடைசியில் அவை சல்லிசாகக் கிடைத்தன. அதிலும் ரோட்ஸ்டர் என்றால் கதவில் ஏற்றி இறக்கும் கண்ணாடி கிடையாது, கூரை வெறும் துணி, குடும்பஸ்தன் திரும்பிப் பார்க்கமாட்டான். ஆனால் எடை குறைவு. சனிக்கிழமை மட்கார்டைக் கழற்றி வைத்துவிட்டு, மொஹாவி பாலைவனத்தில் முராக், எல் மிராஜ் என்ற வறண்ட ஏரிப் படுகைகளுக்குப் போய் முழு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள். 1937-இல் இதற்கென்றே தெற்குக் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன் என்று சங்கம் வைத்தார்கள். ஆரம்ப காலத்தில் நிலையான கூரை உள்ள இரண்டு கதவு கூப்பேக்களைச் சேர்க்கவே இல்லை, ரோட்ஸ்டர்தான் எல்லாம். திங்கட்கிழமை அதே காரில் வேலைக்குப் போயாக வேண்டும். அதனால் யாரும் காரை முழுசாகப் பிரித்துப் போடவில்லை. ஒரு மாதம் பிரேக், அடுத்த மாதம் வீல், கையில் காசு சேர்ந்தால் எஞ்சின். என்னைக் கேட்டால் பழைய பாணி என்பதே அந்த வரிசைதான். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

பணம் கொடுப்பதற்கு முன்னால் காகிதத்தைப் பாருங்கள். மாடல் ஏ-வின் நம்பர் எஞ்சின் பிளாக்கின் இடப்பக்கம், தண்ணீர் உள்ளே போகும் வாய்க்குச் சற்று மேலே அடித்திருக்கும். அதே நம்பர் சேஸிஸின் இடது சட்டத்தின் மேலேயும் உண்டு, ஆனால் பாடி அதை மூடிக்கொண்டிருக்கும். இந்தக் கார்களுக்குத் தொண்ணூறு வருடத்தில் எத்தனையோ தடவை எஞ்சின் மாறியிருக்கும், அதனால் டைட்டிலில் (காரின் உரிமைப் பத்திரத்தில்) ஒரு நம்பர், எஞ்சினில் ஒரு நம்பர் என்று இருப்பது சகஜம். அந்தச் சிக்கலை விற்பவர் தீர்த்துக் கொடுக்கட்டும், உங்கள் தலையில் வாங்கிக்கொள்ளாதீர்கள். கலிஃபோர்னியாவில் 1975-க்கும் அதற்கு முன்பும் வந்த கார்களுக்குப் புகைப் பரிசோதனை இல்லை. முறையான டைட்டில் உள்ள 1930 காருக்கு அந்தத் தொல்லையே கிடையாது.

அந்த 32 விஷயம் வேறு. புது பாடி, புது சேஸிஸ் என்றால் மாநிலத்தின் கணக்கில் அது 1932 காரே இல்லை, தனியாகக் கட்டிய வண்டி. எஸ்.பி. 100 என்ற சட்டப்படி வருடத்துக்கு 500 வண்டிக்கு மட்டும் புகை விஷயத்தில் சலுகைச் சான்று தருகிறார்கள், முந்தினவருக்கு முதலில். விற்பவர் அந்தப் பெட்டிகளோடு ஒரு பழைய 1932 டைட்டிலையும் சேர்த்து நீட்டினால் இன்னும் வேகமாக வெளியே வாருங்கள். செத்துப்போன காரின் காகிதத்தைப் புது வண்டிக்கு ஒட்டுவது குற்றம்.

சரி, மாடல் ஏ வீட்டுக்கு வந்துவிட்டது. இரண்டு மாதம் ஒன்றையும் மாற்றாமல் ஓட்டுங்கள். கியர்பாக்ஸில் சிங்க்ரோ (கியர் மாறும்போது பற்சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்கும் அமைப்பு) கிடையாது, இரண்டு முறை கிளட்ச் மிதித்துத்தான் கியர் விழும். ஸ்டீயரிங்குக்குக் கீழே இரண்டு குட்டி நெம்புகோல் இருக்கும். இடது பக்கம் உள்ளது இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் பாயும் நேரம்), வலது பக்கம் உள்ளது கையால் கொடுக்கும் ஆக்சிலரேட்டர். பெட்ரோல் டேங்க் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் கொஞ்சம் திக்கென்றிருக்கும்: டாஷ்போர்டுக்குப் பின்னால், உங்கள் முழங்காலுக்கு நேர் மேலே. பம்ப் இல்லை, பெட்ரோல் தானாகவே கீழே கார்பரேட்டருக்கு இறங்குகிறது. அசலில் ஃபியூஸும் கிடையாது. ஆகவே முதல் வாரமே செய்ய வேண்டியது ஒரு ஃபியூஸ், ஒரு பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச், சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தீயணைப்பான். டயரின் பக்கவாட்டில் உள்ள தேதியையும் பாருங்கள். கடைசி நான்கு இலக்கம் வாரமும் வருடமும். தேயாமல் புதுசு மாதிரி இருந்தாலும் டயர் 20 வயசு என்றால் தூக்கி எறியுங்கள்.

அப்புறம்தான் பிரேக். இதைத்தான் எஞ்சினுக்கும் முன்னால் செய்யச் சொல்கிறேன். மாடல் ஏ-வில் இருப்பது கம்பியால் இழுக்கும் பிரேக். சரியாக வைத்திருந்தால் அந்தக் காலத்து வேகத்துக்குப் போதும், இன்றைய ஃப்ரீவேயில் முன்னால் போகிற கார் சடாரென்று நின்றால் போதாது. ஃபோர்டு 1939-இல்தான் ஹைட்ராலிக்குக்கு வந்தது. 1939 முதல் 1948 வரையிலான அந்த டிரம் பிரேக்கை மாடல் ஏ-வில் மாட்டுவது ஹாட் ராட்காரர்களின் முதல் வேலை, அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி. கொஞ்சம் அடாப்டர் வேண்டும், அதெல்லாம் கிட்டாகவே விற்கிறார்கள். பின் ஹப் கூம்பு வடிவ ஆக்சிலில் இறுகி உட்கார்ந்திருக்கும். சுத்தியலால் அடித்துக் கழற்ற நினைக்காதீர்கள், அதற்கென்றே உள்ள புல்லரை (இழுத்துக் கழற்றும் கருவி) வாங்குங்கள்.

இந்த பிரேக் பிடிக்கவில்லை என்று குறை சொல்கிறவர்களில் பெரும்பாலோர் அதைச் சரியாக அட்ஜஸ்ட் செய்யாதவர்கள். டிரம்முக்குள்ளே விரிந்து அழுத்தும் பிறை வடிவத் துண்டுதான் ஷூ. ஒவ்வொரு ஷூவுக்கும் கீழே அதைப் பிடித்து நிறுத்தும் தனித்தனி ஆங்கர், அதுவே ஒரு கேம், அதாவது திருகினால் ஷூவை நகர்த்தும் மையம் விலகிய வட்டு. மேலே இன்னொரு கேம். மேலே உள்ளதை மட்டும் திருகிவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவார்கள். ஷூவின் நுனி மட்டும் டிரம்மைத் தொடும், நடுவில் இடைவெளி நிற்கும். ஷூவின் மேல் உள்ள புது லைனிங்கில் குறுக்கே சாக்பீஸால் நான்கு கோடு போடுங்கள், டிரம்மை மாட்டி லேசாக பிரேக் பிடித்துச் சுற்றிப் பாருங்கள், கழற்றுங்கள். எந்தக் கோடு அழிந்திருக்கிறதோ அங்கேதான் தொடுகிறது. ஷூவின் வளைவு டிரம்மின் வளைவுக்கு ஒக்கவில்லை என்றால் பிரேக் கடையில் கொடுத்து அரைத்து வாங்குங்கள். நான்கு கோடும் அழியும் வரை கீழ் ஆங்கரையும் மேல் கேமையும் மாற்றி மாற்றித் திருகுங்கள். ஒரு சக்கரத்துக்கே ஒரு சாயங்காலம் போகும், போகட்டும்.

பெடலை மிதித்ததும் பிரேக் எண்ணெயைக் குழாய்களில் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் விஷயத்தில் மட்டும் நான் சம்பிரதாயம் பார்ப்பதில்லை. அசலில் ஒரே சர்க்யூட், ஒரு குழாய் உடைந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு. இரட்டைச் சர்க்யூட் சிலிண்டரைப் போடுங்கள், தரைப் பலகைக்கு அடியில்தானே இருக்கப் போகிறது, யார் பார்க்கப் போகிறார்கள்? டிரம் பிரேக்குக்கு லைனில் 10 பவுண்டு அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு வேண்டும். சில சிலிண்டரில் உள்ளேயே இருக்கும், சிலவற்றில் இருக்காது. வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அடுத்து முன் ஆக்சில். காரின் மூக்கு தாழ்ந்து நிற்பதுதான் ஹாட் ராட் தோற்றத்தில் பாதி. நடுவில் நேராகவும் இரு முனையில் மேலே வளைந்தும் இருக்கும் டிராப்டு ஆக்சிலைப் போட்டால் அது வந்துவிடும். இங்கே இரண்டு விஷயம். மூக்கு 3 டிகிரி சாய்ந்தால் காஸ்டர் கோணமும் (சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்) 3 டிகிரி போய்விடும். காஸ்டர் குறைந்தால் 40 மைல் வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்ததும் ஸ்டீயரிங் கையிலேயே உதறும். 5 முதல் 7 டிகிரி வரை இருக்க வேண்டும். டிஜிட்டல் கோணமானி ஒன்று வாங்கிக் கிங்பின்னின் சாய்வை அளந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, விஷ்போன். ஆக்சிலின் இரு முனையிலிருந்தும் பின்னால் போகும் இரண்டு தண்டும் எஞ்சினுக்குப் பின்னே ஒரே குண்டில் சேர்கின்றன. படத்தில் பார்க்கும் கார்களில் அதை நடுவில் வெட்டி, ஒவ்வொன்றையும் சேஸிஸின் பக்கத்தில் மாட்டியிருப்பார்கள். ஒரு மர ஸ்கேலின் இரு முனையையும் இரண்டு கையால் இறுக்கிப் பிடியுங்கள், முழங்கையை இடுப்போடு ஒட்டிக்கொள்ளுங்கள், மணிக்கட்டை அசைக்காமல் வலது கையை மட்டும் மேலே தூக்குங்கள். ஸ்கேல் முறுக்கிக்கொள்வது தெரிகிறதா? வெட்டிய விஷ்போனில் ஒரு சக்கரம் மேட்டில் ஏறும்போது ஆக்சிலுக்கு அதுதான் நடக்கிறது. குறுக்கே வெட்டினால் I எழுத்து போலத் தெரியும் ஐ-பீம் ஆக்சில் அந்த முறுக்கலுக்கு இடம் கொடுக்கும். குழாய் ஆக்சில் கொடுக்காது, கடைசியில் பிராக்கெட்டோ வெல்டிங்கோ விரிசல் விடும். யாராவது குழாய் ஆக்சிலையும் வெட்டிய விஷ்போனையும் சேர்த்து விற்க வந்தால் வேண்டாம். நீங்கள் இப்போதைக்கு வெட்டாமலே விடுங்கள். பிற்பாடு வெட்ட நேர்ந்தால் பொருத்திப் பார்ப்பது வரை உங்கள் வேலை. வெல்டிங்கை அதில் தேர்ந்தவரிடம் கொடுங்கள். ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், பிரேக் மூன்றிலும் கற்றுக்குட்டி வெல்டிங் கூடாது.

எஞ்சினை ஏன் கடைசிக்குத் தள்ளினேன் என்பதற்கு ஒரு சொந்தக் கதை இருக்கிறது. என் முதல் பிளாட்ஹெட்டை "பிளாக் நல்ல பிளாக்" என்று சொன்னவரை நம்பி வாங்கினேன். பிஸ்டன், வால்வு, கேம்ஷாஃப்ட் எல்லாம் வாங்கி அடுக்கிவிட்டு, ஒரு நண்பர் வற்புறுத்தியதால் காந்தச் சோதனைக்குக் கொடுத்தேன். வால்வு சீட்டிலிருந்து சிலிண்டர் வரை மயிரிழையாக விரிசல். அந்த எஞ்சினில் எக்ஸாஸ்ட் வால்வுகள் பிளாக்கின் உள்பக்கம் இருக்கும். சூடான புகை தண்ணீர் ஓடும் அறைகளுக்கு நடுவே புகுந்துதான் வெளியே வரும். நடு சிலிண்டர் இரண்டுக்கும் சேர்த்து ஒரே வழி. அதனால் சூடும் விரிசலும் அதற்குப் பிறவிக் குணம். சோதனைச் சீட்டு இல்லாத பிளாட்ஹெட்டுக்கு இரும்பு விலைக்கு மேல் கொடுக்காதீர்கள். அந்த 32-உடன் வரும் எஞ்சினுக்கும் இதே கணக்குத்தான்.

உங்கள் நான்கு சிலிண்டர் எஞ்சின் 40 குதிரைசக்திதான். அதிக கம்ப்ரெஷன் தரும் ஹெட், நல்ல டிஸ்ட்ரிப்யூட்டர், மேலிருந்து கீழே இறங்கும் கார்பரேட்டர், இந்த மூன்றும் போட்டாலே வண்டியின் குணம் மாறும். அந்த கார்பரேட்டர் உயரத்தில் உட்காருவதால் டேங்கிலிருந்து பெட்ரோல் தானாக இறங்கிவராது, சின்ன பம்ப் வேண்டும். பேரிங்குகள் வெள்ளீயக் கலவை ஊற்றிச் செய்தவை, அதனால் விரட்டாதீர்கள். ஒன்றிரண்டு வருடம் கழித்து வி8 ஆசை தீரவில்லை என்றால் 1949 முதல் 1953 வரை வந்த பிளாட்ஹெட்டைத் தேடலாம். அல்லது 1955-இல் வந்த சின்ன ஷெவி (ஷெவ்ரோலே) வி8. அதுவும் பழைய பாணிக்குள்தான் வரும், பாகமும் எங்கும் கிடைக்கும். எதைப் போட்டாலும் மாடல் ஏ-வின் மெல்லிய சேஸிஸ் சட்டத்தின் திறந்த பக்கத்தைத் தகடால் அடைத்துப் பெட்டி போலாக்கி வலுவாக்கிய பிறகுதான்.

பெயிண்ட், சீட் உறை எல்லாம் ஓடி முடித்த பிறகு. இடுப்பு பெல்ட் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அதைத் தரைத் தகட்டில் மாட்டாமல் சேஸிஸோடு இணைத்த சட்டத்தில் மாட்டுங்கள். கையில் உள்ள பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மீதிக்குத் திட்டம் போடுங்கள்.

மாடல் ஏ-வைப் பார்க்கக் காலையில் போங்கள். நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லிவையுங்கள். போனதும் முதலில் ரேடியேட்டரில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதை உங்களுக்குக் காட்ட அவருக்கு விருப்பமில்லை என்று அர்த்தம். விலையில் அதைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.