கணக்கில் நீங்கள் வேலையில்தான் இருக்கிறீர்கள்

தம்பி, பி.காம் முடித்து அப்பாவின் 2 ஏக்கரில் அண்ணனோடு நிற்கும் உங்களை, கணக்கெடுக்க வந்தவர் 'வேலையில் உள்ளவர்' என்று எழுதியது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். அதில் தப்பில்லை. மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில், வார நிலைப்படி, முந்தைய 7 நாளில் ஏதோ ஒரு நாள் 1 மணி நேரம் வேலை செய்தாலே போதும். வீட்டு வயலில் கூலியில்லாமல் இறங்கினாலும் சேர்த்தி.

ஆனால் நீங்கள் நாளைக்கே கோயம்புத்தூர் பஸ் ஏறினால் நெல் ஒரு மூட்டையாவது குறையுமா? குறையாதென்றால் அது மறைமுக வேலையின்மை. நடவுக்கும் அறுப்புக்கும் நடுவே சும்மா இருப்பது பருவகால வேலையின்மை, அது வேறு. அறுவடை மெஷின் வந்து கதிர் அரிவாளோடு வீட்டில் உட்கார்ந்த ஆட்களுடையது அமைப்புசார் வேலையின்மை.

அப்புறம், அடுத்த முறை 'வேலை தேடுகிறேன்' என்று சேர்த்துச் சொன்னாலும், அந்த வாரம் வயலில் இறங்கியிருந்தால் எழுதுவது மாறாது.