பல வருடம் நின்ற மாசி பேர்கசன் 135 உழவு மெசினை எப்படித் திரும்ப ஓட வைப்பது?

தம்பலகாமத்தில் கொட்டிலுக்குள் ஆறு வருடமாக நிற்கும் மெசினுக்குப் புதுப் பற்றரி போட்டு ஸ்டார்ட் பண்ணலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கடற்காற்றில் பிஸ்டன் ரிங்குகள் துருவால் சிலிண்டரோடு ஒட்டியிருக்கலாம். இன்னொரு மெசினில் கட்டி இழுத்தால் ரிங் உடையும்.

சிலிண்டருக்குள் டீசல் தெளிக்கும் மூன்று இன்ஜெக்டரையும் கழற்றுங்கள். டீசலும் எஞ்சின் ஒயிலும் பாதிக்குப் பாதி கலந்து, சிலிண்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி ஊற்றி இரண்டு நாள் விடுங்கள். பிறகு கிராங்க் புல்லி (எஞ்சின் முன்பக்கப் பெல்ட் சக்கரம்) நட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். தடையில்லாமல் சுற்றினால், இன்ஜெக்டர் இல்லாமலே ஸ்டார்ட்டரால் சுற்றி, ஊற்றியதை வெளியேற்றுங்கள். திரவம் அமுங்காது, உள்ளே தேங்கினால் பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ரொட் வளையும். இன்ஜெக்டரைத் திரும்பப் பூட்டும்போது புதுச் செம்பு வாசர்தான் போடவேண்டும்.

எஞ்சின் ஒயில், ஒயில் பில்டர் இரண்டையும் மாற்றுங்கள். டாங்கியின் பழைய டீசலை முழுதாக இறக்குங்கள். அடியில் தண்ணீரும் கறுப்புச் சளி போன்ற கசடும் நிற்கும். புது டீசல் பில்டர் போட்டு, கைப்பம்பை அடித்து, திருகுகளைத் தளர்த்தி டீசல் குழாயில் தேங்கிய காற்றை எடுங்கள்: முதலில் பில்டர், அடுத்து டீசல் பம்பின் திருகுகள், கடைசியில் எஞ்சினைச் சுற்றவிட்டு இன்ஜெக்டர் குழாய் நட்டுகள். நுரை நின்று சுத்த டீசல் வந்த பிறகே இறுக்குங்கள்.

டீசல் பம்பின் உள் வால்வு இறுகியிருந்தால் எஞ்சின் கட்டுப்பாடின்றி வேகமெடுக்கும். அப்போது நிறுத்த, காற்று உறிஞ்சும் வாயை மூட ஒரு தட்டைப் பலகையைத் தயாராக வைத்திருங்கள். கையால் மூடவே கூடாது. ஓடத் தொடங்கியதும் ஒயில் பிரஷர் ஏறாவிட்டால் உடனே நிறுத்துங்கள்.