தெர்மாகோல் வயிறு, கண்ணாடித் தோல்: எபாக்ஸி சர்ஃப் போர்டு கேள்வி–பதில்

சர்ஃபிங் பற்றி வந்த கடிதங்களில் எபாக்ஸி போர்டு, அதாவது தெர்மாகோல் போன்ற ஃபோமின் மேல் கண்ணாடி இழைத் துணியை எபாக்ஸி ரெசினால் ஒட்டிச் செய்த போர்டு, தொடர்பானவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

என் 6 அடி எபாக்ஸி போர்டின் ஓரத்தில் பாறை இடித்து, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை. ஊரில் ஃபைபர் படகு ஒட்டும் பட்டறையில் கொடுத்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் கோழிமுட்டை நுழையும் அளவுக்குக் குழி. அவர் வேலை தெரிந்தவர்தான். எங்கே தவறு?
– கோவளம் வாசகர்

அவர் கைமேல் குற்றமில்லை. டப்பாவில் இருந்த ரெசின், அதாவது கலந்தால் இறுகும் பிசின், வேறு.

படகுப் பட்டறைகளில் புழங்குவது பாலியெஸ்டர் ரெசின். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, சிலவற்றில் அதற்கும் மேல், ஸ்டைரீன் என்ற திரவம். உங்கள் போர்டின் உள்ளே இருப்பது இ.பி.எஸ். ஃபோம். டிவி பெட்டிக்குள் வைத்து வருகிறதே தெர்மாகோல், அதே சரக்குதான். அடர்த்தி மட்டும் கூடுதல். தெர்மாகோல் என்பது பாலிஸ்டைரீன். அதன்மேல் ஸ்டைரீன் பட்டால் வெந்நீரில் போட்ட கற்கண்டுபோல் கரைந்துவிடும். படகின் பக்கம் முழுக்க ஃபைபர் என்பதால் அங்கே கரைவதற்கு எதுவும் இல்லை. பட்டறைக்காரர் இதைப் பார்த்திருக்க வாய்ப்பும் குறைவு.

சர்ஃப் போர்டில் பெரும்பாலும் இரண்டு ஜாதி. பி.யூ. (பாலியூரித்தேன்) ஃபோமின் மேல் பாலியெஸ்டர் ரெசின் போட்டது ஒன்று, இ.பி.எஸ். ஃபோமின் மேல் எபாக்ஸி ரெசின் போட்டது மற்றொன்று. பி.யூ. ஃபோமில் எபாக்ஸி போட்டும் செய்கிறார்கள். நினைவில் வைக்க வேண்டியது இவ்வளவுதான்: எபாக்ஸி ரெசின் எல்லாப் போர்டுக்கும் ஆகும்; பாலியெஸ்டர் ரெசின் பி.யூ. போர்டுக்கு மட்டும். எந்த ஃபோம் என்று சந்தேகமானால் உடைந்த இடத்திலிருந்து கடுகளவு கிள்ளி, அசிட்டோன் கலந்த நகப்பூச்சு நீக்கியில் போடுங்கள். இ.பி.எஸ். என்றால் கண்ணெதிரே சுருங்கிக் கூழாகும். பி.யூ. அப்படியே கிடக்கும். கண்ணாலும் சொல்லிவிடலாம்: இ.பி.எஸ்.ஸில் ஜவ்வரிசி போல மணி மணியாகத் தெரியும், பி.யூ. நைசாக, விரலில் தேய்த்தால் மாவாக உதிரும்.

இதே காரணத்தால் ஓட்டை விழுந்த எபாக்ஸி போர்டில் அசிட்டோன், பெட்ரோல், தின்னர், ஸ்ப்ரே பெயின்ட், ஃபெவிக்விக் எதையும் ஃபோமில் படவிடாதீர்கள். வெயிலில் இறுகும் ரெடிமேட் ரெசின் டியூப்களிலும் பாலியெஸ்டர் வகை, எபாக்ஸி வகை என இரண்டும் உண்டு. வாங்குமுன் லேபிளைப் படியுங்கள்.

இப்போது உள்ள குழியின் சுவரில் உருகி இறுகிய ஓடு ஒன்று இருக்கும். அதைக் கத்தியால் முழுக்கச் சுரண்டி, நல்ல ஃபோம் தெரியும்வரை சதுரமாக வெட்டுங்கள். கெட்டியான இ.பி.எஸ். துண்டு ஒன்றை அந்த அளவுக்குச் சீவி, எபாக்ஸி தடவிப் பதித்து, காய்ந்ததும் போர்டின் வளைவுக்கு உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளுங்கள். பிறகு அடுத்த பதிலில் உள்ளபடி துணி போடலாம்.

சின்ன ஓட்டையை வீட்டிலேயே ஒட்ட முடியுமா? அளவுகளோடு சொல்லுங்கள்.
– புதுச்சேரி வாசகர்

உள்ளங்கை அளவு வரை தாராளமாக முடியும். அவசரம்தான் காரியத்தைக் கெடுக்கும்.

முதலில் உலர்த்த வேண்டும். இ.பி.எஸ். மணிகள் தண்ணீர் குடிக்காது. ஆனால் மணிக்கும் மணிக்கும் இடையே உள்ள சந்துகளில் தண்ணீர் ஊர்ந்துபோகும். மூக்கில் விழுந்த விரிசல் வழியாக நுழைந்த தண்ணீர் ஒரு முழம் தள்ளிக்கூட நிற்கும். ஓட்டை கீழே பார்க்கும்படி போர்டை நிழலில் சாய்த்து, ஃபேன் போட்டுவிடுங்கள். வெயிலில் போடாதீர்கள். தினமும் எடை பாருங்கள். மூன்று நாள் தொடர்ந்து எடை இறங்காமல் நின்றால்தான் உலர்ந்ததாக அர்த்தம். இரண்டு வாரம் ஆனாலும் ஆகும். ஈரத்தோடு மூடிய ஓட்டை அடுத்த கோடையில் கொப்புளமாகத் திரும்பி வரும்.

பிறகு தூக்கிக்கொண்டு நிற்கும் கண்ணாடித் துணியை வெட்டி எடுங்கள். ஓட்டையைச் சுற்றி 4–5 செ.மீ. அகலத்துக்கு 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேயுங்கள். பளபளப்பின் மேல் எபாக்ஸி பிடிக்காது. நகத்தால் நெம்பினாலே கழன்றுவரும். தேய்த்த எல்லைக்கு வெளியே மாஸ்கிங் டேப்.

ரெசின் கலக்கும் இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் வழுக்குகிறார்கள். பாலியெஸ்டரில் ஹார்டனரை (ரெசினை இறுகவைக்கக் கலக்கும் திரவம்) கொஞ்சம் கூட ஊற்றினால் சீக்கிரம் இறுகும், குறைத்தால் மெதுவாக இறுகும். எபாக்ஸியில் அந்த வித்தை செல்லாது. அங்கே ஹார்டனரும் ரெசினும் ஜோடி ஜோடியாகச் சேர வேண்டியவை. எது மிஞ்சினாலும் ஜோடி கிடைக்காமல் அப்படியே நின்று, ஒட்டு காலத்துக்கும் ரப்பர்போல் இருக்கும். பாட்டிலில் உள்ள விகிதம் கொள்ளளவுக்கா எடைக்கா என்று பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல, ஹார்டனர் பொதுவாக ரெசினைவிட லேசானது.

10-க்கு 10 செ.மீ. இடத்துக்கு 4 அவுன்ஸ் துணி, அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 135 கிராம் உள்ளது, இரண்டு அடுக்கு போதும். துணியின் மொத்த எடையே 3 கிராம்கூட வராது. அதற்கு 4 கிராம் ரெசின் போதுமானாலும் 30 கிராமுக்குக் குறைந்து கலக்காதீர்கள். சமையலறைத் தராசு ஒரு கிராம் தவறினால், 6 கிராம் ஹார்டனரிலேயே ஆறில் ஒரு பங்கு பிசகிவிடும்; அளவு குறையக் குறைய பிசகு பெருகும். 0.1 கிராம் காட்டும் சின்ன நகைத் தராசு இருந்தால் இந்தக் கவலை இல்லை. இரண்டு நிமிடம், கப்பின் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்துக் கலக்கி, இன்னொரு கப்புக்கு மாற்றி மறுபடி கலக்குங்கள். முதல் கப்பின் சுவரில் ஒட்டியிருப்பது சரியாகக் கலக்காத ரெசின். அது போர்டுக்குப் போனால் ஒரு மூலை மட்டும் பிசுபிசுவென்று நிற்கும். கலந்ததும் தட்டையான தட்டில் ஊற்றிப் பரப்பிவிடுங்கள். ஆழமான கப்பில் குவிந்து கிடந்தால் தன் சூட்டிலேயே புகைந்து இறுகிவிடும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் பாட்டிலில் போட்டிருக்கும் நேரத்தில் பாதிகூடக் கிடைக்காது. காலையில் ஆரம்பியுங்கள்.

குழி இருந்தால் அதே ரெசினில் மைக்ரோபலூன் மாவை (உள்ளே வெற்றான நுண்ணிய உருண்டைகளாலான லேசான பொடி) சேர்த்து, நிலக்கடலை வெண்ணெய் பதத்தில் அப்புங்கள். வெறும் ரெசினைக் குழியில் ஊற்றினால் கனமும் கூடும், சூட்டில் சுற்றியுள்ள ஃபோமும் சுருங்கி உள்ளே பொந்து விழும். ஒரு செ.மீ.க்கு மேல் ஆழமென்றால் இரண்டு தடவையாக நிரப்புங்கள்.

நிரப்பியது இறுகியதும் சமமாகத் தேய்த்து, துணியை வையுங்கள். கீழடுக்கு ஓட்டையைவிடச் சுற்றிலும் 2 செ.மீ. பெரிது, மேலடுக்கு 3 செ.மீ. பெரிது. துணி வெள்ளையாகத் தெரிகிற வரை ரெசின் பற்றவில்லை; கண்ணாடிபோல் மறைந்ததும் மிச்சத்தைப் பழைய ஏ.டி.எம். கார்டால் வழித்துவிடுங்கள். தொட்டால் ஒட்டும், ஆனால் விரலில் வராத பதத்தில் மேல்பூச்சு ஒன்று. அந்தப் பதத்தைத் தவறவிட்டால் மறுநாள் தேய்த்துவிட்டுத்தான் பூச வேண்டும்.

ஈரக்காற்றில் இறுகிய எபாக்ஸிமேல் மெழுகு தடவினாற்போல் ஒரு படலம் வரும். அதை உப்புத்தாள் போடுமுன் தண்ணீரும் ஸ்கிரப்பரும் கொண்டு கழுவிவிடுங்கள். தேய்த்தால் தாள் அடைத்துக்கொள்ளும், படலமும் உள்ளே அமுங்கும். 24 மணி நேரம் கழித்து 80, 120, 220, 400 என்று ஏறுவரிசையில் தேய்த்து முடியுங்கள். துணியின் நெசவு தெரிய ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள், அதற்குமேல் தேய்ப்பது துணியை அறுப்பதாகும். முழு வலு வர ஒரு வாரம் விடுவது நல்லது.

நைட்ரைல் கையுறை கட்டாயம். எபாக்ஸிக்கு நெடி குறைவு என்பதால் சாது என்று நினைக்கிறார்கள். தோலில் பட்டுப் பட்டு ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு திறந்த டப்பாவுக்குப் பக்கத்தில்கூட நிற்க முடியாது.

கடற்கரையில் அவசரத்துக்கு எம்-சீல் அப்பலாமா என்று கேட்பவர்களுக்கு: அப்பலாம். அதுவும் எபாக்ஸிதான், ஃபோமைத் தின்னாது. ஆனால் போர்டு உலர்ந்திருக்க வேண்டும், வீட்டுக்கு வந்ததும் பெயர்த்தும் விட வேண்டும்.

எபாக்ஸி போர்டு கூடுதலாக மிதக்கும் என்று வாங்கினேன். காலையில் அருமை. பதினொரு மணிக்குக் கடற்காற்று ஏறியதும் தகரக் கூரைமேல் ஓடுவதுபோல் தடதடக்கிறது. போர்டில் கோளாறா?
– மாமல்லபுரம் வாசகர்

கோளாறில்லை, அதன் சுபாவம் அது.

மிதப்புக் கணக்கை முதலில் பார்ப்போம். ஒரே அளவில் 30 லிட்டர் போர்டு இரண்டு, ஒன்று பி.யூ., மற்றது எபாக்ஸி என்றால் எடை வித்தியாசம் அரை கிலோவைத் தாண்டுவது அபூர்வம். அரை கிலோ குறைவு என்பது அரை லிட்டர் மிதப்பு கூடியதற்குச் சமம். போர்டின் தடிமனில் சொன்னால் முக்கால் மில்லிமீட்டர்! 75 கிலோ ஆளுக்கு அது உறைக்காது. ‘எபாக்ஸி மிதக்கும்’ என்ற பேச்சில் பெரும்பங்கு, அச்சில் வார்த்து வரும் எபாக்ஸி போர்டுகளைத் தடிமனாகவே செய்வதால் வந்தது.

உங்கள் கால் உணர்வது வேறு இரண்டு விஷயம். எடை குறைந்ததால் போர்டுக்கு உந்தம் குறைவு. சின்னச் சின்ன அலைகளை வெட்டிக்கொண்டு போகாமல் ஒவ்வொன்றிலும் எகிறுகிறது. அத்தோடு இ.பி.எஸ்.–எபாக்ஸி கூட்டு விறைப்பானது, வளைந்தாலும் சட்டென்று நிமிர்ந்துவிடும். பி.யூ. அதிர்வை உள்ளே விழுங்கிக்கொள்ளும். அதே சுறுசுறுப்புதான் சிறிய, வலுவில்லாத அலையில் எபாக்ஸிக்குச் சாதகம்: துடுப்புப் போட்டதும் கிளம்பும், திருப்பினால் உடனே திரும்பும்.

காற்று ஏறிய பிறகும் அதில்தான் போக வேண்டுமென்றால் போர்டின் அடியில் மீன் துடுப்புபோல் மாட்டும் ஃபின்னைக் கொஞ்சம் பெரிய, வளைந்து கொடுக்கும் ஒன்றாக மாற்றிப் பாருங்கள். அடுத்த போர்டு வாங்கும்போது ஒன்றிரண்டு லிட்டர் குறைத்து, ஓரம் மெலிந்ததாகத் தேர்ந்தெடுங்கள். இரண்டு போர்டு வைத்துக்கொள்ள வசதி இருந்தால் காற்றுக்கு பி.யூ.தான் எங்கள் சிபாரிசு.

இலங்கையின் அறுகம்பைக்கு விமானத்தில் போர்டைக் கொண்டு போகப்போகிறேன். மேல்பக்கம் சின்னத் திருகு ஒன்று இருக்கிறது. கழற்ற வேண்டும் என்கிறார்கள், கூடாது என்கிறார்கள்.
– சென்னை வாசகர்

அது காற்றுத் திருகு. இ.பி.எஸ். மணிகளின் சந்தில் உள்ள காற்று விரியும்போது வெளியேற வழி. பறக்கையில் சரக்கறையின் அழுத்தம் தரையில் உள்ளதில் முக்கால் பங்கு அளவுக்கு இறங்கும். முழுக்க மூடிய போர்டென்றால் 10-க்கு 10 செ.மீ. இடத்தில் உள்ளேயிருந்து 25 கிலோ தள்ளுவதற்கு ஒப்பு. துணி ஃபோமைவிட்டுக் கிளம்பக் கேட்கவா வேண்டும்? எனவே விமானத்துக்குத் தளர்த்துங்கள். இறங்கியதும் ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து முடுக்குங்கள். மறந்தால் அந்தத் துளையே தண்ணீர்க் குழாய். காற்றை விட்டுத் தண்ணீரைத் தடுக்கும் சவ்வு வைத்த திருகும் உண்டு. அதைத் தொட வேண்டாம்.

வெயிலும் இதே வேலையைச் செய்யும். கண்ணாடி ஏற்றிய காருக்குள் 30 டிகிரி 65 ஆனால் அதே இடத்தில் 12 கிலோ தள்ளும். அறை வெப்பத்தில் இறுகிய எபாக்ஸியும் 50–60 டிகிரியில் தளரத் தொடங்கும். இரண்டும் சேர்ந்தால் கொப்புளம். இன்னொன்றையும் கவனியுங்கள்: மணலில் காய்ந்து சூடேறிய போர்டைச் சட்டென்று கடலில் இறக்கினால் உள்காற்று சுருங்கும். மயிரிழை விரிசல் இருந்தாலும் அந்தச் சுருக்கம் தண்ணீரை உறிஞ்சி உள்ளே இழுத்துவிடும். ஐந்து நிமிடம் நிழலில் ஆறவிட்டுப் பிறகு இறங்குங்கள்.

வெள்ளை எபாக்ஸி போர்டு ஒரே வருடத்தில் மஞ்சள் பூத்துவிட்டது. வலு போய்விட்டதா?
– கடலூர் வாசகர்

இல்லை. புற ஊதாக் கதிரில் எபாக்ஸி ரெசின் மஞ்சளாகும். உள்ளே ஃபோம் வெள்ளையாகவே இருக்கும். விரிசலைச் சுற்றி மட்டும் டீக்கறைபோல் பழுப்பு தெரிந்தால் அது வேறு கதை, தண்ணீர் நுழைந்ததற்கான அடையாளம்.

பழைய எபாக்ஸி போர்டு ஒன்று விலைக்கு வருகிறது. எபாக்ஸி உடையாது, பயமில்லாமல் வாங்கு என்கிறான் நண்பன்.
– திருச்செந்தூர் வாசகர்

உடையும். எபாக்ஸி ரெசின் பாலியெஸ்டரைவிடக் கூடுதலாக இழுபடும், துணியைக் கெட்டியாகப் பிடிக்கும். அதனால் கல்லில் பட்டால் நொறுங்குவது குறைவு. அது தோலின் குணம். வயிற்றில் லேசான ஃபோம் வைத்து ஒற்றைத் துணி போட்டிருந்தால் குதிகால் பட்ட இடமெல்லாம் பள்ளம் விழும். 2005 டிசம்பர் 5 அன்று, அமெரிக்காவில் சர்ஃப் போர்டுக்கான பி.யூ. ஃபோமில் பெரும்பகுதியை வார்த்துக்கொண்டிருந்த கிளார்க் ஃபோம் திடீரென்று கதவடைத்தது. வேறு வழி தேடியவர்களில் பலர் இ.பி.எஸ்.–எபாக்ஸி பக்கம் திரும்பினார்கள். அன்றிலிருந்து ‘எபாக்ஸி’ என்ற பெயரில் நல்லதும் வருகிறது, ஒப்புக்குச் செய்ததும் வருகிறது.

கையோடு தொங்குதராசு எடுத்துப் போங்கள். 6 அடிச் சின்னப் போர்டு 3 கிலோவை நன்றாகத் தாண்டினால் ஏன் என்று கேளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. மேல்பக்கம் முழுக்க விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வாருங்கள். ‘டொக் டொக்’ என்று வந்த சத்தம் ‘தப்’ என்று மாறுகிற இடத்தில் துணி ஃபோமைவிட்டுக் கிளம்பியிருக்கிறது. கட்டைவிரலால் அமுக்கினால் தகர டப்பா மூடிபோல் உள்ளே போய் வரும். நின்று நின்று அமுங்கிய மேலோட்டமான பள்ளம் பரவாயில்லை.

ஃபின்னைச் செருகும் பெட்டிகளை நன்றாகப் பாருங்கள், எபாக்ஸி போர்டில் தண்ணீர் அதிகம் ஏறும் வழி அதுதான். ஃபின்னை மாட்டி மெதுவாகப் பக்கவாட்டில் ஆட்டும்போது பெட்டியின் விளிம்பில் மயிரிழைக் கோடு திறந்து மூடுகிறதா என்று கவனியுங்கள். சந்தேகமிருந்தால் சோப்புத் தண்ணீரைத் தடவிவிட்டு, காற்றுத் திருகைக் கழற்றி அந்தத் துளையில் வாயால் மெல்ல ஊதச் சொல்லுங்கள். கசிகிற இடத்தில் நுரை முட்டையிடும். வாயால் மட்டும், பஞ்சர் கடைக் கம்ப்ரஸரை வைத்தால் வாங்கும் முன்பே போர்டு இரண்டாகப் பிரிந்துவிடும்.