ஈரோட்டுக் குப்பை கடலுக்குப் போகுமா?

கேள்வி: எங்கள் ஊருக்கும் கடலுக்கும் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். நாங்கள் பிளாஸ்டிக்கைக் குறைப்பதால் கடலுக்கு என்ன லாபம்?
– வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் தெருச் சாக்கடை ஓடையில் விழுகிறது, ஓடை காவிரியில். வெயில் காலம் முழுக்கக் குப்பை பாலத்தடியிலும் கோரைப் புல்லிலும் சிக்கிக் கிடக்கும்; வெள்ளம் வந்ததும் மொத்தமாகக் கிளம்பிவிடும். உபரி வெள்ளத்தை முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திருப்புகிறார்கள். கொள்ளிடம் பழையாறு பக்கம் கடலில் சேர்கிறது. உலகின் ஆறுகள் ஆண்டுக்கு 8 லட்சம் முதல் 27 லட்சம் டன் பிளாஸ்டிக்கைக் கடலுக்குக் கொண்டுபோகின்றன என்று 2021-ல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. நகரத்துக்குள் ஓடும் சிற்றாறுகளுக்கு அதில் பெரும் பங்கு உண்டாம். கூவத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல.

கேள்வி: பால் கவர், பாட்டில், சிப்ஸ் கவர்... எதை எப்படிப் பிரிப்பது?
– வாசகி, விருதுநகர்

பதில்: காயலான் கடையில் காசு கிடைக்கும் பொருளைப் பொறுக்க ஆள் உண்டு, அது ஆறுவரை போவது குறைவு. கடைக்காரர் தொடாததுதான் போகிறது. ஆகவே அவர் வாங்கும்படி கொடுப்பதுதான் நம் வேலை.

பால் கவரின் மூலையை வெட்டும்போது அந்த முக்கோணத் துண்டு தனியே விழாமல், ஓர் ஓரம் கவரோடு ஒட்டியே இருக்கட்டும். விரல்நகம் அளவுத் துண்டைக் குப்பையில் தேடி எடுப்பவர் யார்? பாலித்தீன் தண்ணீரைவிட இலேசு. சாக்கடையில் விழுந்தால் மிதந்துகொண்டே போகும். காலியான கவரை அகலமாகத் திறந்து, அலசி (அந்தத் தண்ணீர் செடிக்கு ஆகும்), கொடியில் கிளிப் போட்டுக் காயவிடுங்கள். ஈரத்தோடு கட்டி வைத்தால் இரண்டு நாளில் நாறும். அப்புறம் கடைக்காரர் மூட்டையையே வேண்டாம் என்பார்.

தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக் கடல்நீரைவிடக் கனம். திறந்த பாட்டில் நிரம்பி அடியில் போய்ப் படுத்துவிடும். மூடியோ மிதக்கும் ரகம். கடற்கரைகளில் மூடி மட்டும் தனியாக ஒதுங்குவது இதனால்தான். பாட்டிலை நசுக்கி, மூடியைத் திருகி, ஒன்றாகவே போடுங்கள்.

சிப்ஸ் கவரும் ஷாம்பு சாஷேயும் வேறு கதை. பல படலங்களை, பெரும்பாலும் ஒரு அலுமினியப் பூச்சோடு, சேர்த்து ஒட்டியவை. பிரிக்க வழியில்லை, அதனால் விலையும் இல்லை. காய்ந்த நிலையில் ஒரு பையில் சேர்த்துத் தூய்மைப் பணியாளரிடம் உலர் குப்பையாகக் கொடுங்கள். பல ஊர்களில் இவற்றை சிமென்ட் ஆலை உலைக்கு அனுப்புகிறார்கள். பாட்டிலுக்குள் திணித்து 'செங்கல்' செய்யச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. விலைபோகிற பாட்டிலும் சேர்ந்து வீணாகிறது. வாசலில் வைத்துக் கொளுத்தவே கூடாது.

கேள்வி: 'மக்கும் பை' என்று அச்சிட்டதை நம்பி வாங்கலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: அச்சை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தார் 2019-ல் வெளியிட்ட சோதனையில், 'மக்கும்' என்று போட்ட ஒரு பை 3 ஆண்டு கடலில் கிடந்த பிறகும் கடைச் சாமானைத் தாங்கியது. 'கம்போஸ்டபிள்' எனப்படும் உரமாகும் ரகம் கடலில் 3 மாதத்தில் மறைந்தது, ஆனால் மண்ணில் 27 மாதம் கழித்தும் இருந்தது. நம் நாட்டில் உரமாகும் பையில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்று எண் இருக்க வேண்டும். அந்தப் பையைப் பால் கவரோடு கலந்து காயலான் கடைக்குப் போட்டால் மறுசுழற்சி கெடும்.

கேள்வி: கடற்கரை மணலில் வெள்ளைக் குருணைகள் கிடக்கின்றன. மாணவர்களை வைத்து எப்படி அள்ளுவது?
– ஆசிரியை, நாகர்கோவில்

பதில்: 2025 மே மாதம் கேரளக் கடலில் எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் மூழ்கியபின் கரை ஒதுங்கிய ரகம் இது. பிளாஸ்டிக் சாமான் வார்ப்பதற்கான மூலப்பொருள், துவரம் பருப்பு அளவில். கையால் பொறுக்கினால் பொழுது போய்விடும். அலை விட்டுச் சென்ற சருகுக் கோட்டில்தான் அதிகம் சேர்ந்திருக்கும். அங்கே மேல்மணலை மட்டும் வழித்தெடுங்கள். மணல் காய்ந்திருந்தால் 2 மி.மீ. கண் உள்ள சல்லடை போதும். மாவுச் சல்லடை அடைத்துக்கொள்ளும். ஈர மணல் என்றால், முக்கால் வாளி கடல்நீரில் இரண்டு கை மணலைப் போட்டுக் கிளறி ஒரு நிமிடம் விடுங்கள். மணல் தங்கும், குருணை மிதக்கும். டீ வடிகட்டியால் அள்ளலாம். வாளித் தண்ணீரைத் துணியில் வடிகட்டியே கொட்டுங்கள். கையுறை கட்டாயம். சேர்ந்ததைச் சாக்கில் கட்டி உள்ளாட்சி அலுவலகத்தில் ஒப்படையுங்கள், தெருக் குப்பைத்தொட்டி வேண்டாம்.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஆமை முட்டையிடும் காலம், மேட்டு மணலைக் கிளறாதீர்கள். அடும்புக் கொடி மணலைப் பிடித்து வைத்திருப்பது. குப்பை சிக்கியிருந்தாலும் கொடியைப் பிடுங்காமல் எடுங்கள். புதைந்த வலையை இழுத்தால் மணல் மேடு சரியும். வெளியே தெரிவதை மட்டும் அறுத்தெடுங்கள்.