மாற்கு யாருக்கு விளக்கம் சொல்கிறார்?

கேள்வி: இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு சுவிசேஷங்களும் (மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான்) முதலில் யாருக்காக எழுதப்பட்டன?

எழுதியவர் எதை விளக்குகிறார், எதை விளக்காமல் தாண்டுகிறார் என்று பாருங்கள். நான் அப்படித்தான் படிக்கத் தொடங்கினேன்.

மாற்கு 7-ஆம் அதிகாரம், மத்தேயு 15-ஆம் அதிகாரம் இரண்டிலும் ஒரே தகராறு. இயேசுவின் சீஷர்கள் கை கழுவாமல் சாப்பிடுகிறார்கள் என்று, யூதச் சட்டங்களைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த பரிசேயர் குறை சொல்கிறார்கள். மாற்கு கதையை அப்படியே நிறுத்திவிட்டு, யூதர்கள் கை கழுவாமல் சாப்பிட மாட்டார்கள், கிண்ணங்களையும் செம்புகளையும் கழுவுவார்கள் என்று 2 வசனங்களைச் செலவழிக்கிறார். மத்தேயுவில் இந்த விளக்கமே கிடையாது. அவருடைய வாசகர்களுக்கு அது வீட்டு வழக்கம்.

'தலீத்தாகூமி', 'எப்பத்தா' போன்ற அரமேயச் சொற்களுக்கும் மாற்கு உடனே கிரேக்கத்தில் பொருள் சொல்லிவிடுகிறார். ஏழை விதவை போட்ட 2 காசுகள் ஒரு 'கொத்ரந்தேஸ்' என்று ரோமர்களின் நாணயக் கணக்கையும் தருகிறார். (தமிழில் அதைத் 'துட்டு' என்றார்கள், அதுவும் டச்சுக்காரர்களின் காசுதான்!) இதை வைத்து மாற்கு ரோமாபுரிக்காரர்களுக்கே எழுதினார் என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். மத்தேயு 5:26-இலும் அதே நாணயப் பெயர் வருகிறதே.

யோவானும் 'ரபீ', 'மேசியா' ஆகிய சொற்களுக்குப் பொருள் சொல்கிறார். லூக்கா மட்டும் தெயோப்பிலு என்று ஒருவரைப் பெயர் சொல்லி விளிக்கிறார். நடக்க முடியாத திமிர்வாதக்காரனை வீட்டின் மேலிருந்து இயேசுவின் முன் இறக்கும் இடத்தில் மாற்கு கூரையைத் தோண்ட வைக்கிறார். லூக்காவோ ஓடுகள் வழியாக இறக்குகிறார். ஓட்டு வீடுகளைப் பார்த்துப் பழகியவர்களை மனதில் வைத்திருப்பார் என்பது என் ஊகம்.

எனக்கு மிகவும் பிடித்தது மாற்கு 15:21. சிலுவையைச் சுமந்த சீமோனை 'அலெக்சந்தருக்கும் ரூபுக்கும் தகப்பன்' என்கிறார். யார் இந்த இருவர்? ஒரு வார்த்தை விளக்கமில்லை. கை கழுவுவதற்கு 2 வசனம் எழுதியவர் இங்கே வாய் திறக்கவில்லை என்றால், முதலில் கேட்டவர்களுக்கு அந்தப் பிள்ளைகளைத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் 1998-இல் ரிச்சர்ட் பாக்கம் என்ற புதிய ஏற்பாட்டு ஆய்வாளர், சுவிசேஷங்கள் ஒரே ஒரு சபைக்காக அல்ல, ஊர் ஊராகச் சுற்றுவதற்காகவே எழுதப்பட்டன என்று வாதிட்டார். சுற்றியது உண்மைதான். மத்தேயுவும் லூக்காவும் மாற்கைக் கையில் வைத்துக்கொண்டே எழுதினார்கள் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அந்த இருவருமே சீமோனை வைத்துக்கொண்டார்கள். பிள்ளைகளின் பெயர்களை விட்டுவிட்டார்கள். அவர்களுடைய ஊர்களில் ரூபுவை யாருக்கும் தெரியாது போலிருக்கிறது.