பிடித்த கேம் ஸ்டூடியோவை ஒரு பெரிய நிறுவனம் வாங்கினால் ரசிகர்களுக்கு ஏன் அவ்வளவு கோபம் வருகிறது?

கேள்வி கேட்டவர் கீழே இன்னொரு வரியும் எழுதியிருக்கிறார்: "விற்பவருக்கும் சம்மதம், வாங்குபவருக்கும் சம்மதம். நடுவில் ரசிகருக்கு என்ன வந்தது? கேம் அதேதானே இருக்கப்போகிறது?"

எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு ஸ்டூடியோவை வைத்துச் சொல்கிறேன். வெஸ்ட்வுட். ரெட் அலர்ட் 2 என்ற போர் கேமை ஆடியவர்களுக்கு அந்தப் பெயர் ஞாபகம் இருக்கும், கேம் தொடங்குவதற்கு முன் திரையில் வந்து போகும். மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்றைக்கும் அதன் ரசிகர்கள் இரண்டு பேர் பேச உட்கார்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸை, அதாவது இஏவைத் திட்டுவதில்தான் போய் நிற்கும். நானும் வருடக்கணக்கில் திட்டியிருக்கிறேன்.

பிரெட் ஸ்பெர்ரி, லூயிஸ் காசில் என்ற இரண்டு பேர் 1985இல் லாஸ் வேகஸில் ஆரம்பித்த நிறுவனம் அது. 1992இல் வந்த அவர்களுடைய டூன் 2தான், வளத்தைச் சேர்த்து, தளம் கட்டி, படை திரட்டி எதிரியை அடிக்கும் அந்த ஆட்ட வகைக்கு ஒரு நிலையான உருவம் கொடுத்தது. 1995இல் கமாண்ட் அண்ட் காங்கர் வந்தது, ரெட் அலர்ட் எல்லாம் பிறகு இதே வரிசையில் வந்தவை. அந்த முதல் கேமில் மிஷனுக்கு மிஷன் நடுவே வரும் வீடியோக்களில் நடித்தவர்களில் பலர் அந்த ஸ்டூடியோவிலேயே வேலை பார்த்தவர்கள். கேன் என்ற மொட்டைத் தலை வில்லனாக வரும் ஜோசப் கூக்கன்தான் அந்த வீடியோக்களை இயக்கியவரும். இசை முழுக்க ஃபிராங்க் க்ளெபாக்கி என்ற ஒருவருடையது. பெட்டிக்குள் இரண்டு சிடி இருக்கும், ஆளுக்கொன்று போட்டு இரண்டு பேர் எதிரெதிரே ஆடலாம். ஒருவர் வாங்கினால் நண்பனுக்கும் சேர்த்து வாங்கிய மாதிரி. அதைச் செய்தவர்கள் யார் என்று முகமும் குரலுமாகத் தெரிந்த கேம் அது. கோபத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இப்போது விற்பனைக்கு வருவோம். வெஸ்ட்வுட் ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை கைமாறியது. 1992இல் விர்ஜின் என்ற கேம் வெளியீட்டு நிறுவனம் வாங்கியது. அதைப் பற்றி எந்த ரசிகரும் இன்றுவரை ஒரு வார்த்தை கடிந்து பேசி நான் கேட்டதில்லை. கமாண்ட் அண்ட் காங்கரும் முதல் ரெட் அலர்ட்டும் விர்ஜினின் கீழ் இருந்தபோது வந்தவைதான். 1998 ஆகஸ்டில் இஏ 12.25 கோடி டாலருக்கு வாங்கியது. அப்போது விர்ஜின் இன்டராக்டிவையே அதன் முதலாளியான ஸ்பெல்லிங் நிறுவனம் தலைமுழுகப் பார்த்துக்கொண்டிருந்தது. இஏ வாங்காவிட்டால் வேறு யாராவது வாங்கியிருப்பார்கள். அன்றைக்கும் ரசிகர்களிடம் பெரிய கொந்தளிப்பு இல்லை. ஆக, விற்றதற்காகவே கோபம் வருகிறது என்றால் கணக்கு இடிக்கிறது.

என் கதைக்கு வருகிறேன். 2002, இன்ஜினியரிங் மூன்றாம் வருடம், ஹாஸ்டல். எங்கள் தளத்தில் ஆறு அறைகளில் கம்ப்யூட்டர் இருந்தது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, எல்லாவற்றையும் இணைக்க ஒரு ஹப் வாங்கினோம். கேபிளை வராந்தா வழியாக, கதவுக்கு மேலே இருந்த வென்டிலேட்டர் வழியாக இழுத்தோம். ரெட் அலர்ட் 2 நெட்வொர்க்கில் ஆட ஐபிஎக்ஸ் என்ற பழைய ப்ரோட்டோகால், அதாவது கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முறை, வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பி போட்டவர்கள் நெட்வொர்க் செட்டிங்ஸுக்குள் போய் அதைத் தனியாகச் சேர்த்தால்தான் ஆட்டத்துக்கு ஆள் சேரும் லாபித் திரையில் அடுத்தவனின் பெயர் தெரியும். யாராவது புதிதாக ஃபார்மட் அடித்தால் முதல் வேலையே அதுதான். ஐந்து பெயர் வந்து ஆறாவது வரவில்லை என்றால், "டேய், ஐபிஎக்ஸ் போட்டியா இல்லையா?" என்று வராந்தா முழுக்கக் கேட்கும். ராத்திரி ஒரு மணிக்குப் பக்கத்து அறை ஸ்பீக்கரில் "கிரோவ் ரிப்போர்ட்டிங்" என்று அந்தக் கனத்த குரல் கேட்டால் வயிற்றில் புளியைக் கரைக்கும். கிரோவ் என்பது குண்டு போடும் ஒரு ராட்சத பலூன் கப்பல். மெதுவாகத்தான் வரும். வருவது தெரியும், விமான எதிர்ப்பு பீரங்கி கட்டக் கையில் காசு இருக்காது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தனி வேதனை.

எங்களில் ஒருவனும் அதை விலை கொடுத்து வாங்கவில்லை. எல்லாம் காப்பி சிடி. இதை மறைத்துவிட்டு மேலே எழுத எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் பிறகு எனக்கு வந்த கோபம் காசு கொடுத்தவனின் கோபம் இல்லை.

2003 ஜனவரியில் வெஸ்ட்வுட்டை மூடப்போவதாக இஏ அறிவித்தது. மார்ச்சில் மூடியும் விட்டது. வேலை லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மாற்றப்பட்டது, அங்கே வர விரும்புகிறவர்கள் வரலாம் என்றார்கள். லாஸ் வேகஸிலிருந்து காரில் நாலைந்து மணி நேரம். வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று வேர் பிடித்தவர்களுக்கு அது எவ்வளவு தூரம் என்று சொல்ல வேண்டியதில்லை. பலர் போகவில்லை. ஊரிலேயே தங்கியவர்களில் சிலர் அதே வருடம் பெட்ரோகிளிஃப் என்று புதிதாக ஒரு ஸ்டூடியோ ஆரம்பித்தார்கள். வெஸ்ட்வுட்டின் கடைசி கேம்களான ரெனிகேடும், மாதச் சந்தா கட்டி ஆடும் எர்த் அண்ட் பியாண்டும் எதிர்பார்த்தபடி போகவில்லை என்பது உண்மைதான். எர்த் அண்ட் பியாண்டின் சர்வர்களையும் 2004 செப்டம்பரில் அணைத்துவிட்டார்கள். சர்வர் போனால் அந்த உலகமே போயிற்று, சிடியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

அறிவிப்புக்கும் மூடலுக்கும் நடுவில், பிப்ரவரியில், கமாண்ட் அண்ட் காங்கர் வரிசையின் அடுத்த கேமான ஜெனரல்ஸ் வெளியானது. ஹாஸ்டலுக்கு அதன் காப்பி வந்த இரவு நான்கு பேர் என் அறையில் கூடியிருந்தோம். கேம் திறந்தது. வெஸ்ட்வுட் லோகோ வரவில்லை. உள்ளே போனால் வலது பக்கம் எப்போதும் நிற்கும் பட்டை இல்லை, கட்டளைகள் எல்லாம் திரையின் அடியில் போயிருந்தன. நடிகர்கள் வந்து பேசும் வீடியோக்களும் இல்லை. என் அறைத்தோழன் சொன்னான், "பேர் மட்டும்தாண்டா அது." நல்ல கேம்தான், பிற்பாடு விடிய விடிய ஆடியிருக்கிறோம். ஆனால் அன்று ராத்திரி அவன் சொன்ன அந்த வாக்கியத்தைவிடச் சரியாக இந்தக் கோபத்தை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பெயர் ஒருவர் கையில் இருக்கிறது. அந்தப் பெயருக்கு மதிப்பு வரக் காரணமானவர்கள் வேறெங்கோ, வேறு பெயரில் பிழைத்துக்கொண்டிருக்கிறார்கள். கடைக்குப் பழைய போர்டையே வைத்துக்கொண்டு சமையல்காரரை அனுப்பிவிட்டால் சாப்பிட வந்தவருக்கு வருமே ஒரு ஆத்திரம், அதுதான் இது.

ஆனால் இதே இடத்தில் எனக்கு ஒரு அடி விழுந்தது, அதையும் சொல்ல வேண்டும். பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்: நாங்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய ரெட் அலர்ட் 2, லாஸ் வேகஸ் வெஸ்ட்வுட் செய்ததே இல்லை. கலிஃபோர்னியாவின் இர்வைனில் பர்ஸ்ட் என்று விர்ஜினுக்கு இன்னொரு ஸ்டூடியோ இருந்தது. 1998 விற்பனையில் அதுவும் சேர்ந்து இஏவிடம் வந்தது. அதற்கு வெஸ்ட்வுட் பசிபிக் என்று பெயர் மாற்றினார்கள். ரெட் அலர்ட் 2 அவர்கள் கைவண்ணம். பிறகு அதே ஸ்டூடியோவுக்கு இஏ பசிபிக் என்று மறுபடி பெயர் மாற்றினார்கள், ஜெனரல்ஸைச் செய்தது அவர்கள்தான். அதாவது "பேர் மட்டும்தான்" என்று நாங்கள் ஒதுக்கிய கேமைச் செய்தவர்கள், நாங்கள் உயிராக நினைத்த கேமைச் செய்த அதே ஸ்டூடியோக்காரர்கள். அதற்கு வெஸ்ட்வுட் என்ற பெயர் வந்ததே இஏ வாங்கிய பிறகு. லோகோவைப் பார்த்து நம்பினோம், லோகோ இல்லாததால் நம்ப மறுத்தோம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு என்னால் பழைய மாதிரி கண்ணை மூடிக்கொண்டு திட்ட முடியவில்லை. யார் செய்தார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன்.

சரி, அப்படியென்றால் கோபமே தவறா? இல்லை. 2010இல் இதே வரிசையில் வந்த டைபீரியன் ட்விலைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தளம் கட்டுவதுதான் இந்த வரிசையின் உயிர். அதையே எடுத்துவிட்டு, நடந்து போகும் ஒரு வண்டியைக் கொடுத்தார்கள். தனியாக ஆடுவதற்கும் இணைய இணைப்பு கட்டாயம். பதினைந்து வருடமாகச் சொல்லிவந்த கேனின் கதையை அதில்தான் முடித்தார்கள். 2013இல் ஜெனரல்ஸின் அடுத்த பாகத்தைப் பாதியில் ரத்து செய்து, அதற்காக அமைத்த ஸ்டூடியோவையும் மூடினார்கள். 2018இல் ரைவல்ஸ் என்று மொபைலுக்கு ஒரு கேமை அறிவித்தபோது, அந்த முன்னோட்டத்துக்குப் பிடிக்கவில்லை என்று அழுத்தியவர்கள் பிடித்திருக்கிறது என்றவர்களைவிடப் பல மடங்கு. ஒரு மொபைல் கேமுக்கு அவ்வளவு ஆத்திரம் அதிகம் என்று தோன்றும். அது பதினைந்து வருடம் சேர்ந்த ஆத்திரம்.

இந்தப் பதினைந்து வருடத்தில் ரசிகர்கள் சும்மா திட்டிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை, இதுதான் வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத பகுதி. எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விஸ்டாவிலிருந்து விண்டோஸில் ஐபிஎக்ஸையே எடுத்துவிட்டார்கள். நாங்கள் வராந்தாவில் கத்தி ஆடிய ஆட்டம் புது கம்ப்யூட்டரில் செத்துப்போனது. கேம் ஃபோல்டரில் ஒரு சின்ன டிஎல்எல் ஃபைலைப் போட்டால் ஐபிஎக்ஸ் வழியாகப் போக வேண்டியதைச் சாதாரண இணைய வழியில் திருப்பிவிடும்படி செய்தவர்கள் ரசிகர்கள். சிஎன்சிநெட் என்று இலவசமாக சர்வர் நடத்தி, உலகத்தில் எங்கிருந்தும் பழைய கேம்களை ஆட வைத்தவர்கள் ரசிகர்கள். பழைய கேமின் விதிகளை வைத்து கேமை ஓட்டும் ஓப்பன்ஆர்ஏ என்ற இன்ஜினைத் தாங்களே எழுதியவர்களும் அவர்கள்தான். உரிமைப் பத்திரம் இஏவிடம் இருந்தது, விளக்கேற்றி வைத்தது இவர்கள். அப்படிப் பார்த்துக்கொண்டவருக்கு "உனக்கென்ன வந்தது" என்று கேட்டால் சுருக்கென்று தைக்காதா?

ரைவல்ஸ் அடி வாங்கிய சில மாதங்களில் இஏவின் தயாரிப்பாளர் ஜிம் வெசெல்லா ரசிகர்களிடமே வந்து, பழைய கேம்களைப் புதுப்பித்தால் என்ன வேண்டும் என்று நேராகக் கேட்டார். 2018 நவம்பரில் அறிவித்தார்கள்: முதல் கமாண்ட் அண்ட் காங்கரையும் ரெட் அலர்ட்டையும் புதுப்பிக்கப்போவது பெட்ரோகிளிஃப். லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போகாமல் ஊரிலேயே தங்கினார்களே, அவர்கள். படங்களைத் திரும்ப வரைந்தது மலேசியாவின் லெமன் ஸ்கை. இசைக்கு அதே க்ளெபாக்கி. "கட்டுமானம் முடிந்தது" என்று அறிவிக்கும் அந்தக் கம்ப்யூட்டர் குரலுக்குச் சொந்தக்காரரான கியா ஹன்ட்ஸிங்கரையே கூப்பிட்டு மறுபடி பேசவைத்தார்கள். ரசிகர்களில் சிலரை ஒரு குழுவாக வைத்து வேலையின் நடுவிலேயே காட்டிக் கருத்துக் கேட்டார்கள். 2020 ஜூன் 5 அன்று வெளியானது. மோட் செய்பவர்களுக்காக, அதாவது கேமைத் தங்கள் விருப்பப்படி மாற்றுகிறவர்களுக்காக, கேமின் முக்கியப் பகுதிகளின் சோர்ஸ் கோடையும் (மூல நிரல்) யாரும் எடுத்து மாற்றிப் பகிரக்கூடிய ஜிபிஎல் உரிமத்தில் திறந்துவிட்டார்கள்.

நான் அதைக் காசு கொடுத்து வாங்கினேன். இந்த வரிசையில் நான் விலை கொடுத்து வாங்கிய முதல் கேம் அதுதான். ஊரடங்கு நேரம், வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு திறந்தேன். அந்தக் குரல் வந்ததும் கண் கலங்கிவிட்டது. எந்த இஏவைத் திட்டினேனோ அதே இஏவுக்குத்தான் காசு போனது, மனம் உறுத்தவில்லை. பெயரும் கையும் மறுபடி ஒரே இடத்தில் இருந்தன.

இது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் செய்த என்செம்பிளை 2001இல் மைக்ரோசாஃப்ட் வாங்கி, 2009 ஜனவரியில் மூடியது. புல்ஃப்ராக், ஆரிஜின் என்று இஏ வாங்கி மூடிய பட்டியல் தனி.

கடைசியாக ஒன்று. 2025 பிப்ரவரியில் ஜெனரல்ஸ், ரெனிகேட் உட்பட இன்னும் சில கேம்களின் சோர்ஸ் கோடையும் இஏ திறந்துவிட்டது. ரெட் அலர்ட் 2 அந்தப் பட்டியலில் இல்லை. அதே வருடம் செப்டம்பரில், சவுதி அரசின் முதலீட்டு நிதியும் இன்னும் இரண்டு முதலீட்டு நிறுவனங்களும் சேர்ந்து இஏவையே 5,500 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவிப்பு வந்தது. அன்றைக்கு மஸ்கட்டிலிருந்து என் பழைய அறைத்தோழன் கூப்பிட்டான். மாதத்தில் ஒரு சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் இன்னமும் சிஎன்சிநெட்டில் ஆடுகிறோம். நலம்கூட விசாரிக்கவில்லை.

"மச்சி, ரெட் அலர்ட் ஃபோல்டரை தனியா எங்கயாவது எடுத்து வச்சிருக்கியா?"

இரண்டு ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது என்றேன். இன்னொன்றிலும் போட்டு வை என்றான். போட்டேன்.